வரம்பில்லாத உச்சவரம்பு: விமானச் சீட்டு ரத்தும் இழப்பு என்னும் கேள்வியும்

விமானச் சீட்டை ரத்து செய்த பயணிக்கு வரும் கணக்கு விவரம் சுருக்கமானது. மூவாயிரம் ரூபாய் அடிப்படைக் கட்டணமுள்ள சீட்டென்றால், அந்த மூவாயிரமும் ரத்துக் கட்டணமாகப் போய்விடும். சில நூறு ரூபாய் திரும்பி வரும். ஏன் என்று கேட்டால் ‘விதிப்படிதான்’ என்பார்கள். அது பொய்யல்ல, கோளாறு அந்த விதியிலேயே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பயணக் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றிய நெறிமுறையைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் (டிஜிசிஏ) 2008இல் வெளியிட்டது. 2016இல் அதை விரிவாகத் திருத்தியது. கடன் அட்டையில் வாங்கிய சீட்டுக்கு 7 நாளில் பணம் திரும்ப வேண்டும், முகவர் வழி வாங்கியதற்கு 30 வேலை நாளுக்குள் தர வேண்டும், முகவரைக் காட்டி நிறுவனம் ஒதுங்கக் கூடாது, கிரெடிட் ஷெல்லில், அதாவது பின்னொரு பயணத்துக்கான இருப்பாக, பணத்தை வைத்துக்கொள்வது பயணியின் விருப்பமாக மட்டுமே இருக்க வேண்டும் என்றெல்லாம் அத்திருத்தம் கூறியது. நல்ல விதிகள்தாம். ரத்துக் கட்டணத்துக்கு அது வைத்த எல்லை மட்டும் விசித்திரமானது: அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையை எந்நிலையிலும் தாண்டக் கூடாது. சீட்டின் விலையில் பயணத்துக்காக நிறுவனம் தனக்கென்று வாங்குவது ஏறக்குறைய இந்த இரண்டையும்தான். எஞ்சியிருப்பவை அரசின் வரியும், விமான நிலையம் சார்ந்த கட்டணங்களும். பயணி பறக்காதபோது அவற்றை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு எப்படியும் உரிமை இல்லை. ஆகவே ‘இதற்கு மேல் எடுக்காதே’ என்ற இந்த ஆணை, உனக்கென்று வாங்கியதை முழுவதுமாக எடுத்துக்கொள் என்ற அனுமதியாகவே முடிகிறது.

ஒப்பந்தச் சட்டம் இதை வேறு விதமாக அணுகுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், அத்தொகைக்கு உட்பட்ட நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். எழுதிய தொகை ஒரு மேல் எல்லை, அதுவே உரிமையாகிவிடாது. மௌலா பக்ஸ் வழக்கில் (1969) உச்ச நீதிமன்றம் இதைத் துலக்கியது. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழி, முட்டை, மீனும் வழங்க ஒப்புக்கொண்டவர் சொன்னபடி வழங்கவில்லை. அவர் கட்டியிருந்த 18,500 ரூபாய் வைப்புத்தொகையை அரசு பறிமுதல் செய்தது. அதே பொருள்களை வெளியில் என்ன விலைக்கு வாங்க நேர்ந்தது என்று அரசால் எளிதில் காட்டியிருக்க முடியும்; காட்டவில்லை. இழப்பைக் கணக்கிட முடியும்போது கணக்குக் காட்டாமல் பறிக்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

உருளைக்கிழங்குக்குப் பொருந்திய நியாயம் இருக்கைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். 40 நாளுக்கு முன்னால் ரத்தான இருக்கை மறுபடி விற்றதா, எந்த விலைக்கு விற்றது என்பதெல்லாம் நிறுவனத்தின் கணினியில் கிடக்கிறது. புறப்பாடு நெருங்க நெருங்க விலை பெரும்பாலும் ஏறுவதால், அதே இருக்கை கூடுதல் விலைக்கும் போயிருக்கலாம். கடைசி நேரத்தில் வராமல் போனவரின் காலி இருக்கை வேறு. அங்கே இழப்பு மெய்யானது.

இதற்கு நிறுவனங்களின் பக்கம் ஒரு வலுவான மறுப்பு உண்டு. ரத்து என்பது ஒப்பந்த மீறலே அல்ல, ஒப்பந்தம் தரும் ஒரு தெரிவு. மலிவு விலைக்கு ஈடாகவே, ரத்து செய்தால் பணம் திரும்பப் பெறும் உரிமையைப் பயணி விட்டுக்கொடுக்கிறார். ஆகவே 74ஆம் பிரிவுக்கு இங்கே வேலை இல்லை என்பது அது. ரத்துச் சலுகையுள்ள சீட்டையும் இல்லாத சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, விலை வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லி விற்றால் இந்த மறுப்பை நான் ஏற்பேன். நிபந்தனை எங்கோ சிற்றெழுத்தில் கிடக்க, நிறுவனம் எழுதியதைப் பயணி அப்படியே ஏற்கும்போது தெரிவு என்ற சொல்லுக்குப் பொருளில்லை. அத்தகைய நிலையை நினைத்துத்தான், மீறலால் நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டம் விதிக்கும் நிபந்தனையை ‘அநியாய ஒப்பந்தம்’ என்ற வரையறைக்குள் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(46), கொண்டுவந்தது.

மறுபக்கம், நிறுவனமே ரத்து செய்யும்போது என்ன நடக்கிறது? 2025 டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் பணத்தைத் திருப்பித் தரும்படி விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஆணையிட்டது. அத்தோடு நிற்காமல், மற்ற விமானங்களின் கட்டணத்துக்கும் எல்லை வகுத்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய். கொடுத்த பணம் திரும்புவதால் மட்டும் பயணியின் இழப்பு தீராது, மாற்று இருக்கையின் விலையில்தான் அது இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

ஆனால் வழக்கமான விதி அதை ஒப்புக்கொள்வதில்லை. உரிய அறிவிப்பின்றி ரத்து செய்யும் நிறுவனம், திருப்பித் தரும் பணத்துக்கு மேல், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய் தர வேண்டும். அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும். இரண்டில் எது குறைவோ அது. அசாதாரணச் சூழல் என்றால் அதுவும் இல்லை. அதே அளவுகோல் இங்கும் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். பயணி ரத்து செய்தால், நிறுவனத்தின் இழப்பு பெரும்பாலும் அந்த அளவைவிடக் குறைவு, எடுத்துக்கொள்வதோ அதுவரை. நிறுவனம் ரத்து செய்தால், பயணியின் இழப்பு பெரும்பாலும் அந்த அளவைவிடக் கூடுதல், ஈட்டுத்தொகையோ அதற்குள். சமமாகத் தோன்றும் ஓர் எல்லை இரு பக்கமும் ஒருவருக்கே சாதகமாக விழுகிறது.

காலக்கெடுவைக் குறைப்பது மட்டும் இதற்கு மருந்தாகாது. 2025 நவம்பரில் வந்த டிஜிசிஏவின் திருத்த வரைவு முகவர் வழிச் சீட்டுக்கான கெடுவை 21 வேலை நாளாக்க முன்வந்தது, வரவேற்கத்தக்கதே. ஆனால் குறைவான தொகை விரைவாக வருவதல்ல நியாயம். இருக்கை மறுபடி விற்காமல் போனது என்று காட்டும் பொறுப்பை நிறுவனத்தின்மேல் வைக்க வேண்டும். காட்ட முடியாதபோது நிர்வாகச் செலவு போக எஞ்சியதைத் திருப்ப வேண்டும்.

அதுவரை பயணி எங்கே முறையிடுவார்? பணம் தரத் தாமதித்தால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிபந்தனையே அநியாயம் என்று சொல்ல அங்கே இடமில்லை. அநியாய ஒப்பந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டுச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே தந்திருக்கிறது, சீட்டின் விலை மூவாயிரம் ரூபாயாக இருந்தாலும்.