எழுதுகோல் பிடிக்குமுன் எழுந்த நாவல்கள்

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சந்நிதியை அண்டிய ஸ்ரீவைஷ்ணவக் கிருகம் ஒன்றில், பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்தறியாத இளம் மருமகள் ஒருத்தி, சுற்றத்துக் குழந்தைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு தானே கற்பித்த கதைகளைச் சொல்ல, அவற்றைக் கேட்கப் பெரியவர்களும் மெல்ல வந்து அமர்வார்களாம். அந்த மருமகளே, பின்னாளில் 115 நாவல்களுக்கு ஆசிரியையாக விளங்கிய வை. மு. கோதைநாயகி அம்மாள்.

1901 டிசம்பர் முதல் தேதி பிறந்து, தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்து, ஐந்தரை வயதில் வை. மு. பார்த்தசாரதிக்கு மாலையிட்ட இவருக்குப் புக்ககமே கல்விச்சாலை ஆயிற்று. மாமியார் தெலுங்கு சொல்லிக்கொடுத்தார். கணவரோ, மனைவியின் மனத்தில் ஊறிக்கொண்டிருந்த கற்பனையை உணர்ந்து நாடகங்களுக்கு அழைத்துப் போனார். ஸ்திரீகள் முன்கட்டுக்கு வருவதையே குற்றமாக எண்ணிய அந்தக் காலத்தில் இவ்வளவு பெருந்தன்மை சாமானியமன்று. இந்தச் சரித்திரத்தில் பார்த்தசாரதி ஐயங்காருக்கு உரிய இடத்தைக் குறைத்துவிடுவது அநீதியாகும்.

நாடகம் பார்த்து வந்தவருக்குத் தாமும் ஒன்று இயற்ற வேண்டும் என்ற ஆவல் மூண்டது. கதையும் பாத்திரங்களும் சம்பாஷணையும் நெஞ்சில் தயாராக இருந்தன. ஆனால் தமிழில் தடையின்றி எழுதும் பழக்கம் மட்டும் கைக்கு வரவில்லை. ஆகவே அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அவ்வாறு உருவானதே 'இந்திரமோகனா'. எழுதக் கற்றதும் அந்தத் தோழியிடமே என்பதை நினைக்குந்தோறும் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. அம்மையாரின் நாவல்களில் எதிர்பாராச் சந்திப்புகள் மிகுதி, வர்ணனை நீளம் என்று குறை கூறும் விமர்சகர்கள், அவை காதுக்காகப் பிறந்தவை என்பதைக் கவனிப்பதில்லை. திண்ணையில் ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர் கேட்டு ரசித்த ஜனங்களுக்கு அந்த நடையே உகந்ததாயிற்று.

1925-இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' பத்திரிகையை அவர் ஏற்றுக்கொண்டு, தம் முதல் நாவலாகிய 'வைதேகி'யை அதில் தொடராக வெளியிட்டார். ஒரு பெண் கதை எழுதுவதே அபூர்வமாயிருந்த நாளில், பத்திரிகைக்கு ஆசிரியையாகவும் பிரசுரகர்த்தாவாகவும் நிற்கத் துணிந்த அவர் மீது ஏச்சும் பேச்சும் விழுந்தன. அவரோ அவற்றைப் பொருட்படுத்தாமல் முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பத்திரிகையைப் போஷித்தார். விதவா விவாகமும் மதுவிலக்கும் தேசபக்தியும் அவர் கதைகளின் வழியே அடுக்களைக்குள் நுழைந்தன.

பத்திரிகையை ஏற்ற அதே 1925-ஆம் ஆண்டில் காந்தியடிகளைத் தரிசித்தபின், பட்டையும் ஆபரணங்களையும் துறந்து கதரை அணிந்தார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி பகிஷ்காரத்திலும் ஈடுபட்டு வேலூர்ச் சிறைக்குச் சென்றார்; ஆங்கேயும் எழுத்தை விடாமல் 'உத்தமசீலன்' என்னும் நாவலை எழுதினார். மேடையில் பேசவும் பாடவும் வல்லவர். பாரதியார் பாடல்களை அவர் பாடக் கேட்பதற்கென்றே கூட்டத்துக்கு வந்தவர்கள் உண்டு. தாமே கீர்த்தனங்களும் இயற்றினார். அவை பிற்காலத்தில் 'இசை நவநீதம்' என நூலாயின. நாவலாசிரியையின் புகழ் இந்தக் கவியை மறைத்துவிட்டதே என்பது என் ஆதங்கம்.

1956-இல் ஏக புத்திரர் ஸ்ரீனிவாசன் காலமானார். அந்தச் சோகத்தின் பின்னர் அம்மையாரின் தேகம் தேறவேயில்லை. கதை சொல்லியும் கீதம் பாடியும் பழகிய நெஞ்சைக் காசநோய் பற்றிக்கொள்ள, தாம்பரம் சானடோரியத்தில் 1960 பிப்ரவரி 20-ஆம் தேதி அவர் மூச்சு அடங்கிற்று. ஆறு ஆண்டுகள் கழிந்து, அவருடைய 'தயாநிதி' நாவல் 'சித்தி' என்ற பெயரில் திரைப்படமாகி வெளிவந்தது.