காவிரி நீர்மின் திட்டங்களும் மைசூர்–சென்னை பிணக்கும்

காவிரி நீர்ப் பிணக்கு பாசனப் பிணக்காகவே அறியப்படுகிறது. ஆனால் மைசூர் சமஸ்தானத்தையும் சென்னை மாகாணத்தையும் நடுவர் தீர்ப்புவரை இழுத்துச் சென்ற கண்ணம்பாடி அணையின் அவசரம் மின்சாரத்தால் வந்தது.

சென்னையின் முன் இசைவின்றி மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் எதையும் கட்டக்கூடாது என்றது 1892 ஒப்பந்தம். மைசூர் அரச குடும்பத்திடம் ஆட்சி திரும்பி 11 ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், இது சமபலம் கொண்டவர்கள் செய்துகொண்ட உடன்பாடு அன்று. அப்போது திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரே பின்னர் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின் நிலையம் அமைய வழிகோலினார். மைசூர் அரசின் பொறியாளர் ஜோலி டி லோபினியர் திட்டத்தை வகுத்தார். ஆற்று நீரை அருவிக்கு மேலேயே வாய்க்காலில் திருப்பி, பாறைச் சரிவில் பதித்த இரும்புக் குழாய்களில் சுமார் 400 அடி இறக்கி, தலா 720 கிலோவாட் திறனுள்ள 6 மின்னாக்கிகளை ஓட்டினார்கள். 1902 ஜூனில் அந்த மின்சாரம் 92 மைல் கம்பி வழியாகக் கோலார் தங்க வயலை அடைந்தது. மன்னரின் தலைநகரைவிடப் பிரிட்டிஷ் நிறுவனங்களின் சுரங்கங்களே முதலில் பயன்பெற்றன. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிய 1905 ஆயிற்று.

பெங்களூரின் தண்டுப் பகுதி (கன்டோன்மென்ட்) அப்போது மைசூர் ஆட்சியில் இல்லை. பிரிட்டிஷ் ரெசிடெண்ட்டின் நேரடி நிர்வாகத்தில் இருந்தது. மைசூர், சென்னை அரசுகளின் ஆற்று நீர்க் கடிதங்களும் ரெசிடெண்ட் அலுவலகம் வழியாகவே போய்வந்தன. அண்டை அரசுகளுக்கிடையே மூன்றாம் கை ஒன்று எப்போதும் இருந்தது என்பதை வரலாற்று நூல்கள் போதிய அளவு சொல்வதில்லை.

கோடையில் காவிரி மெலிந்தால் சுரங்க மின்சாரமும் மெலியும். அதை ஈடுகட்டவும் மண்டியா நிலங்களுக்குப் பாசனம் தரவும் தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா கண்ணம்பாடியில் 41.5 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) கொள்ளும் அணையைத் திட்டமிட்டார். சென்னை 11 டிஎம்சிக்கு மட்டும் இசைந்தது. மைசூரோ 1911இல் முழு அணைக்குரிய அகலத்திலேயே அடித்தளம் போட்டது. 1914இல் நடுவர் கிரிஃபின் மைசூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இந்திய அரசு அதை ஏற்றும், சென்னையின் முறையீட்டின்பேரில் லண்டனில் இருந்த, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் தடுத்துவிட்டார். பிறகு எழுந்ததே 1924 ஒப்பந்தம். கண்ணம்பாடிக்கு 44.8 டிஎம்சி, சென்னை கட்டவிருந்த மேட்டூர் அணைக்கு 93.5 டிஎம்சி என்று அது வரையறுத்தது.

மின் நிலையம் நீரைக் குடித்துத் தீர்ப்பதில்லை. சுழலியைச் சுற்றிவிட்டு ஆற்றிலேயே விடுகிறது. ஆனால் மின்சாரத்துக்கு ஆண்டு முழுதும் சீரான நீர் வேண்டும். தஞ்சையின் குறுவை நெல்லுக்கு ஜூனிலேயே வேண்டும். மேலே இருப்பவர் மழைநீரைத் தேக்கிக் கோடையில் விட்டால் அளவு குறையாமலே தஞ்சை வயல் காய்ந்துவிடும். செனாப் ஆற்றின் பக்லிஹார் அணை குறித்து இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோதும், எவ்வளவு தேக்கலாம், எப்போது திறக்கலாம் என்பதே கேள்வி. 2007இல் நடுநிலை வல்லுநர் அதற்கு விடை சொன்னார். காவிரியில் இன்றுள்ள கணக்கும் மாதவாரியானது: மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டியது ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 டிஎம்சி.

1947இல் தண்டு மைசூரோடு இணைந்தது. பின்னர் பிணக்கு கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலானது ஆயிற்று. 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. அதன் இடைக்கால ஆணையைத் தொடர்ந்து 1991 டிசம்பரில் பெங்களூர்த் தமிழர்கள் தாக்கப்பட்டனர். 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டிஎம்சி ஆக்கி, கர்நாடகத்துக்குக் கூட்டித் தந்த 14.75இல் 4.75 டிஎம்சியைப் பெங்களூரின் குடிநீருக்கு ஒதுக்கியது. 67.16 டிஎம்சி கொள்ளளவும் 400 மெகாவாட் மின் திறனும் கொண்ட மேகதாது அணைக்கான விரிவான திட்ட அறிக்கையை 2019இல் கர்நாடகம் மத்திய நீர் ஆணையத்திடம் அளித்தது. கண்ணம்பாடிக்கும் கபினிக்கும் கீழே அணையின்றி ஓடிவரும் நீரையும் அது மறிக்கும் எனத் தமிழ்நாடு எதிர்க்கிறது.