பெயரோடு ஒரு முகம்

1846இல் வாஷிங்டன் நகரத்தில் ஈஸ்ட்மன் ஜான்சன் என்ற இளம் ஓவியர், பெரிய மனிதர்களின் முகங்களைக் கரிக்கோலால் வரைந்துகொண்டிருந்தார். அவர் வரைந்தவர்களில் இரண்டு முதிய பெண்கள் உண்டு: டாலி மேடிசன், எலிசபெத் ஹாமில்டன். இருவருமே கைம்பெண்கள். முன்னவரின் கணவர் நாட்டின் குடியரசுத் தலைவராகவும், பின்னவரின் கணவர் முதல் நிதிச் செயலராகவும் இருந்தவர்கள். எலிசபெத் நியூயார்க்கில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பல்லாண்டு அதை நடத்தியவர். ஆனாலும் வரலாறு அவரை முதலில் மனைவியாகவே அறிமுகப்படுத்துகிறது.

அதே ஆண்டில் கவிஞர் லாங்ஃபெல்லோவும் தன் முகத்தை ஜான்சனிடம் வரையக் கொடுத்தார். 1855இல் அவர் வெளியிட்ட ‘ஹயாவதாவின் பாடல்’ சுப்பீரியர் ஏரிக்கரையின் ஒஜிப்வே மக்களைப் பற்றியது. அதன் நாயகி மினிஹாஹா பஞ்சத்தில் அழகாகச் செத்துப்போகிறாள். அந்தக் காவியத்துக்கு மூலமாக அமைந்தவை ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் தொகுத்த கதைகள். அவற்றில் பலவற்றைத் தந்தது அவர் மனைவி ஜேனும் அவளுடைய ஒஜிப்வே தாய்வழிக் குடும்பமும். ஜேன் ஒஜிப்வே மொழியிலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதியவள். கதைகள் கணவர் பெயரில் நூலாயின.

காவியம் வந்த மறு ஆண்டு ஜான்சன் அதே ஏரிக்கரைக்குப் போனார். 1857இல் மீண்டும் போனார். அங்கே கரிக்கோலும் கிரேயானும் கொண்டு ஒஜிப்வே மக்களை வரைந்தார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஒரு படத்தின் பெயர் ‘கே பி சென் டே வே வி வின்’. காதில் விழுந்ததை அசை அசையாகப் பிரித்து எழுதிய பெயர் அது. இவள் மினிஹாஹா அல்ல. உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தவள்.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1854இல், லா பாயிண்ட் ஒப்பந்தம் ஏரியின் வடகரை நிலத்தை அமெரிக்க அரசுக்குக் கைமாற்றியிருந்தது. ஒஜிப்வேக்கள் தரப்பில் அதில் அடையாளமிட்டவர்கள் குடித்தலைவர்கள், ஆண்கள். அந்த நிலத்தில் காட்டரிசி அறுத்த, மேப்பிள் சாறு காய்ச்சிய பெண்களின் கை அந்தத் தாளில் படவில்லை. பெண் ஒருத்தியின் பெயரைச் சுமந்து நின்றது ஓவியரின் தாள்தான்.

இதற்காக ஜான்சனை நாம் கொண்டாட வேண்டியதில்லை. யாரை வரைவது, எப்படி உட்கார வைப்பது என்ற முடிவெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. இந்தப் படங்கள் அவர் வாழ்நாளில் விற்கவில்லை. 1906இல் அவர் இறந்த பின், 1908இல் வாங்கப்பட்டு, ஏரிக்கரை நகரமான டுலூத்துக்கே திரும்பி வந்தன.

எலிசபெத்தைத் தேடிப் போனால் கணவர் வழிமறிக்கிறார். இந்த ஒஜிப்வேப் பெண்ணைத் தேடினால் ஒரு முகமும் பிறர் செவிவழி எழுதிய ஒரு பெயரும் மட்டுமே கிடைக்கின்றன. அவள் யாருடைய மனைவி என்று அந்தத் தாள் சொல்லவில்லை, அதில் ஒரு நிம்மதி. வரைந்து முடியும்வரை அவள் என்ன பேசினாள் என்றும் சொல்லவில்லை. இழப்பு அங்கேதான்.