கொலஸ்ட்ரால் ஆக்சிஜனேற்றம்

ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்டிஎல் துகள் ஆக்சிஜனேற்றிகளிடம் சிக்கிக் கெடுவதைக் குறிக்கும் சொல். கெடுப்பது எது என்பதைப் பொறுத்துக் கெடும் விதமும் மாறும். திருப்பூர் சலவைப்பட்டறைகளுக்கு இது பழகிய பாடம்.

ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் 1799-இல் காப்புரிமை பெற்ற பிளீச்சிங் பவுடர்தான் நொய்யல் கரையில் பனியன் துணியை நெடுங்காலம் வெளுத்தது. இப்போது பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு. கொதிக்கும் பெராக்சைடுத் தொட்டியில் துணியோடு ஒரு துருத்துணுக்கு போய்விட்டால் தீர்ந்தது: அந்த இடத்தில் மட்டும் பெராக்சைடு தாறுமாறாகச் சிதைந்து, குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை விழும். அதனால்தான் இரும்பையும் செம்பையும் கட்டிப்போடும் மருந்தைத் தொட்டியில் சேர்க்கிறார்கள்.

ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிரிக்கும் ஆய்வகமும் அதே காரணத்துக்காக ஈடிடிஏ என்ற உலோகப்பிடியைக் கலக்கிறது. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இயல்பான எல்டிஎல்லை அதிகம் தொடாத மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள், வேதிமாற்றம் செய்ததை வயிறுமுட்ட விழுங்குவதை 1979-இல் கோல்ட்ஸ்டீனும் பிரவுனும் கண்டார்கள். உடலுக்குள் அந்த மாற்றத்தைச் செய்வது எது? 1984-இல் ஸ்டைன்பிரெக்கர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற சம்பத் பார்த்தசாரதி, டேனியல் ஸ்டைன்பெர்க் உள்ளிட்டோர் விடை சொன்னார்கள்: கொழுப்பின் ஆக்சிஜனேற்றம். உலோகத்தைக் கட்டிப்போட்டால் அது நின்றுபோனது.

கட்டிப்போடாத செம்பு முதலில் எல்டிஎல்லின் கொழுப்பு அமிலங்களைப் பற்றவைக்கும். அந்தத் தொடர்வினை கொலஸ்ட்ராலின் ஏழாவது கார்பனுக்குப் பரவி, 7-கீட்டோகொலஸ்ட்ரால் உருவாகும்.

ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் குணம் வேறு. கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவின் மையலோபெராக்சிடேஸ் நொதி, பெராக்சைடையும் உப்பின் குளோரைடையும் சேர்த்து இதைத் தயாரிக்கிறது. பிளீச்சிங் பவுடர் கரைசலும் இதே குடும்பம்தான். (திருப்பூர் பிளீச்சிங்கிலிருந்து பெராக்சைடுக்குப் போனது, வெள்ளையணு எதிர்த்திசையில் போகிறது.) இந்த அமிலம் கொழுப்பைவிட எல்டிஎல்லின் புரதத்தையே முதலில் தாக்குவதை ஹேசலும் ஸ்டாக்கரும் 1993-இல் காட்டினார்கள். கொலஸ்ட்ராலில் கைவைத்தால் கிடைப்பது குளோரின் ஒட்டிய குளோரோஹைட்ரின்.

மாரடைப்புக்கு வழிவகுப்பதாகக் கருதப்படும் இந்த ஆக்சிஜனேற்றம்தான் எதிரி என்றால் வைட்டமின் இ காப்பாற்ற வேண்டுமே? 9,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் மாரடைப்பு குறையவில்லை. கொழுப்பில் ஓடும் தொடர்வினையைத்தான் அந்த வைட்டமின் அறுக்கும். புரதத்தில் பாயும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை அது தடுப்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.