கட்டளையிட முடியாத சபை

டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்கிப் பராமரிக்கிறவர்கள் 1998 டிசம்பரில் ஓட்டெடுப்பு நடத்தித் தங்களுக்கென்று ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டார்கள். தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, அவர் அதிகாரம் எதுவரை, அவர் முடிவை யார் மாற்றலாம் என்றெல்லாம் விரியும் அந்தச் சாசனம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே ஒரு விதி வருகிறது. இதில் உள்ள எதுவும் யாரையும் வேலை செய்யக் கடமைப்படுத்தாது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையில் விருப்பமில்லாதவர் அதைச் செய்ய வேண்டியதில்லை. முறைப்படி எடுத்த முடிவுகளுக்கு எதிராக அவர் செயல்படாமல் இருந்தால் போதும். குடிமகனிடம் எதையும் கேட்கும் உரிமையை ஆரம்பத்திலேயே கைவிட்டுவிட்ட சாசனம் வேறொன்றை நான் படித்ததில்லை.

டெபியனின் 30 வருஷச் சண்டைகளை இந்த விதியை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆணையிட முடியாத ஒரு சபை தீர்மானம் போடுகிறது. அந்தத் தீர்மானத்துக்கு என்ன பொருள்? தோற்றவன் வேலையை நிறுத்திவிட்டால் ஜெயித்தவன் என்ன செய்வான்? கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு விலையில்லை என்பதைப் பேசுகிறார்கள், இல்லாவிட்டால் அதன் தாராளத்தைப் பேசுகிறார்கள். சம்பளம் தரும் முதலாளி இல்லாத சுமார் ஆயிரம் பேர் ஒரு காரியத்தை எப்படிச் சேர்ந்து முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி அதைவிட முக்கியமானது. கூடி எழுதி, கூடிப் பத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமான கேள்வியும் அல்ல.

லினஸ் டார்வால்ட்ஸ் 1991ல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கணினியின் உட்கரு மாத்திரம்தான். அதை ஒருவர் உபயோகிக்க வேண்டுமானால் உலகத்தின் பல மூலைகளில் பலர் எழுதிய நிரல்களைத் திரட்டி, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பொருத்திக் கொடுக்க வேண்டும். இந்த வேலையைத்தான் அமெரிக்காவில் பர்ட்யூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கினார். தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்து டெபியன் என்று பெயரிட்டார். இரண்டு பேரின் காதலில் பிறந்த பெயரை இன்று ஒரு சபை சுமந்துகொண்டிருக்கிறது. நிரல்களைப் பொதிகளாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு பொதிக்கும் ஒருவரோ சிலரோ பொறுப்பாளர். தன் பொதிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். ஆக, டெபியன் பல குறுநில மன்னர்களின் கூட்டு. மர்டாக் 1996ல் விலகித் தலைமையை ப்ரூஸ் பெரென்ஸிடம் கொடுத்தார். பெரென்ஸ் காலத்தில், 1997ல், உபயோகிப்பவர்களுக்கு டெபியன் தரும் வாக்குறுதியாக ஒரு சமூக ஒப்பந்தம் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டின் தலைவர் இயன் ஜாக்சன். சாசனம் பெரும்பாலும் அவர் எழுதியது.

அதன் ஏற்பாடுகள் சுருக்கமாக இவை. ஆண்டுக்கொரு தலைவர். தொழில்நுட்பத் தகராறுகளுக்கு எட்டுப் பேருக்கு மிகாத ஒரு குழு. எந்த உறுப்பினரும் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவரலாம். ஐந்து பேர் வழிமொழிந்தால் அது எல்லோருடைய ஓட்டுக்கும் போகும். ஓட்டுச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். ஒவ்வொரு தெரிவையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியே மோதவிட்டு, எல்லாவற்றையும் வெல்வதை முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794ல் சிறையில் செத்துப்போன கோந்தோர்செயின் யோசனை இது. தீர்மானங்களுக்கான சீட்டுகளில் நெடுங்காலம் ‘மேலும் விவாதிக்கலாம்’ என்று ஒரு தெரிவும் நிரந்தரமாக இருந்தது. அதனிடம் தோற்ற எந்த யோசனையும் தள்ளுபடி. மனிதர்கள் பேசிப் பேசியே தீர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைக்கே ஒரு வேட்பாளர் அந்தஸ்து கொடுத்திருந்தார்கள்.

முதல் பெரிய விபத்து ஒரு சொல்லால் நேர்ந்தது. 2004 ஏப்ரலில் சமூக ஒப்பந்தத்தின் நடையைத் திருத்துவதாகச் சொல்லி ஒரு தீர்மானம் வந்தது. தலைப்பே ‘பதிப்புத் திருத்தங்கள்’ என்றிருந்தது. டெபியன் 100 சதம் கட்டற்ற மென்பொருளாக இருக்கும் என்ற பழைய வாசகத்தில் ‘மென்பொருள்’ விழுந்தது. 100 சதம் கட்டற்றதாக இருக்கும் என்று ஆயிற்று. ஓட்டில் நிறைவேறியது. அப்போது வெளியீட்டுப் பொறுப்பில் இருந்த ஆன்டனி டவுன்ஸ், வாசகத்தை வாசகமாகவே படித்தார். அப்படியானால் கையேடுகளும், வன்பொருளுக்குள் ஏற்றப்படும் நிரல்துண்டுகளும் கட்டற்றவையாக இருந்தாக வேண்டும்; இல்லாதவற்றை அகற்றிய பிறகே அடுத்த வெளியீடு என்றார். கூச்சல் எழுந்தது. சொல்லை மாற்றியவர்களின் உத்தேசம் என்ன, சொல் சொல்வது என்ன என்ற பழைய இலக்கிய வழக்கு இங்கே மென்பொருள்காரர்களின் தலையில் விழுந்தது. அதே ஆண்டில் இன்னொரு தீர்மானம் போட்டுத் திருத்தத்தின் அமலைத் தள்ளிவைத்துத்தான் 2005 ஜூனில் அடுத்த பதிப்பை வெளியிட முடிந்தது. அந்த ஒரு சொல்லின் கணக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. கட்டுடைய நிரல்துண்டுகளை நிறுவும் தகட்டிலேயே சேர்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தது 2022ல்தான்.

இதன் கிளை வழக்கு ஒன்று எழுத்தாளர்களை நேராகத் தொடுகிறது. இந்த இயக்கத்துக்கே மூலவரான ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஸ்தாபனம், கையேடுகளுக்கென்று 2000ல் ஓர் உரிமம் வெளியிட்டது. கையேட்டில் சில பகுதிகளை ‘மாற்றக்கூடாதவை’ என்று ஆசிரியர் அறிவிக்க அதில் இடமுண்டு. ஈமாக்ஸ் என்ற தொகுப்பானின் கையேட்டில் ஸ்டால்மனின் கொள்கை அறிக்கை இவ்வாறு பூட்டப்பட்டிருந்தது. நிரலை யாரும் மாற்றலாம், என் அபிப்பிராயத்தை மாற்றி என் பெயரில் உலவவிடக் கூடாது என்பது அவர் தரப்பு. எழுதுகிற எவனுக்கும் இதில் நியாயம் தெரியும். ஆனால் டெபியன் 2006 மார்ச்சில் ஓட்டெடுத்து, பூட்டிய பகுதி இல்லாத கையேடுகள் கட்டற்றவை என்று சொன்னது. பூட்டு உள்ளவை அந்த வரம்புக்கு வெளியே நின்றன. சுதந்திரத்துக்காக எழுதிய அறிக்கையைத் தாங்கிய கையேடு, சுதந்திரமில்லாதவற்றுக்கான தனிப் பகுதிக்குப் போயிற்று. இதைக் கேலியாகச் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். குருவுக்காகக்கூட விதியைத் தளர்த்தாத சபை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

அதே 2006ல் பணம் உள்ளே வந்தது. டவுன்ஸ் இப்போது தலைவர். அடுத்த பதிப்பு டிசம்பரில் வந்துவிட வேண்டும் என்பதற்காக, டெபியனுக்கு வெளியே நின்று நன்கொடை திரட்டி, வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவர் ஆளுக்கொரு மாதம் முழுநேரமாக இதிலேயே உட்காரச் சம்பளம் தருவதென்று ஒரு முயற்சி. தலைவரே அதில் பங்கெடுத்தார். இருவருக்குக் கூலி என்றால் மற்றவர்களின் உழைப்புக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். சிலர் கையைக் கட்டிக்கொண்டார்கள். தலைவரைப் பதவியிலிருந்து இறக்கத் தீர்மானம் வந்து தோற்றது. பதிப்பு 2007 ஏப்ரலில் வந்தது. பொறாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. யாரும் கடமைப்பட்டவரில்லை என்ற சட்டத்தின் கீழ் இருக்கிற இடத்தில் கூலி வந்தால், கூடவே சொல்லாமல் கடமையும் வந்துவிடுகிறது. அதைத்தான் அவர்கள் மோப்பம் பிடித்தார்கள்.

இவையெல்லாம் ஒத்திகை. சாசனத்தின் உண்மையான சோதனை 2014. கணினி விழித்ததும் மற்ற எல்லா நிரல்களையும் எழுப்பிவிடுகிற முதல் நிரல் ஒன்று உண்டு. யூனிக்ஸ் காலத்துப் பழைய நிரலுக்குப் பதிலாக 2010ல் தோன்றிய ஸிஸ்டம்டி என்பதை வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. அது எழுப்புவதோடு நிற்காமல் வேறு பல காரியங்களையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. சிறு நிரல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை என்ற யூனிக்ஸ் மரபுக்கு இது துரோகம் என்றார்கள் எதிர்த்தவர்கள். இருபது வருஷத்துத் தட்டுமுட்டுகளைச் சுமக்கச் சொல்வது மரபா என்றார்கள் ஆதரித்தவர்கள். தொழில்நுட்பக் குழுவில் எட்டுப் பேர். பிப்ரவரியில் ஓட்டு நான்குக்கு நான்கு. குழுத் தலைவர் ப்டேல் கார்பி தன் தீர்ப்பு ஓட்டைப் போட்டு ஸிஸ்டம்டியைத் தேர்ந்தார். டெபியனை அடியாகக் கொண்ட உபுன்டு, தான் வளர்த்துவந்த போட்டி நிரலைக் கைவிட்டு அதே வழியில் வருவதாகச் சில நாட்களிலேயே அறிவித்தது.

குழுவில் தோற்ற பக்கத்தில் இருந்தவர் இயன் ஜாக்சன், சாசனத்தை எழுதியவர். எந்தப் பொதியும் குறிப்பிட்ட ஒரு முதல் நிரலைக் கட்டாயமாகக் கோரக்கூடாது என்று ஒரு தீர்மானத்தை அவர் முழுச் சபைக்கும் கொண்டுபோனார். அதே ஏப்ரலில்தான் சபை நடத்தை விதிகளையும் ஓட்டெடுத்து ஏற்றிருந்தது. இலையுதிர் காலத்தில் அந்த விதிகள் யாருக்கும் ஆறுதல் தரவில்லை. நவம்பரில் முடிவு வந்தது. பல தெரிவுகளுக்கு நடுவே வென்றது, இந்த விஷயத்தில் பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற தெரிவு. ஜாக்சன் தொழில்நுட்பக் குழுவிலிருந்து விலகினார். எதிர்ப்பக்கத்தில் நின்று வென்ற ரஸ் ஆல்பெரியும் அதே மாதம் குழுவை விட்டுப் போனார். ஸிஸ்டம்டி பொதியைப் பராமரித்தவர்களில் ஒருவரும் ஓய்ந்து ஒதுங்கினார். டெபியனின் நிறுவல் நிரலில் பெரும் பங்கு வகித்த ஜோயி ஹெஸ் 18 ஆண்டுகளுக்குப் பிறகு டெபியனையே விட்டு வெளியேறினார். போகும்போது அவர் சொன்னது யோசிக்கத்தக்கது. சாசனம் ஒரு நச்சு ஆவணம், அது முன்மொழியப்பட்டபோதே எதிர்த்துப் பேசாமல் விட்டதுதான் தன் வருத்தம் என்றார். எதிர்த்தவர்களில் ஒரு பகுதியினர் பிரதியெடுத்துக்கொண்டு தேவுவான் என்ற தனிக்கிளையை அறிவித்தார்கள். அதன் முதல் பதிப்பு 2017ல் வந்தது. பிரிந்துபோகும் உரிமை கட்டற்ற மென்பொருளில் எப்போதும் உண்டு. மூலநிரலைப் பிரதியெடுக்க ஒரு பகல் போதும். ஆயிரம் பேரின் பழக்கத்தையும் உழைப்பையும் பிரதியெடுக்க முடிவதில்லை.

ஹெஸ்ஸின் குற்றச்சாட்டை நான் பாதி ஏற்கிறேன். ஓட்டு என்று ஒன்று இருக்கும்போது எதிராளியைச் சம்மதிக்கவைக்கும் கஷ்டத்தை மனிதர்கள் தள்ளிப்போடுகிறார்கள். பேச்சு, தேர்தல் பிரசாரமாகிவிடுகிறது. இது வாஸ்தவம். ஆனால் நவம்பர் 2014ல் அந்தச் சபை என்ன சொல்லிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டுப் போட்டே, ஓட்டால் இதைத் தீர்க்க வேண்டாம் என்று சொல்லிற்று. பொதிகளைப் பராமரிப்பவர்கள் அவரவர் இடத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் பொருள். யாரும் கடமைப்பட்டவரில்லை என்ற விதிக்குத் திரும்பிப் போன முடிவு அது. சாசனத்தை எழுதியவரைவிடவும் அதை நஞ்சு என்றவரைவிடவும், அதன் கீழ் வாழ்ந்தவர்கள் அதை நன்றாகப் படித்திருந்தார்கள் என்பது என் கணிப்பு. 2019 டிசம்பரில் இதே விஷயம் மறுபடி ஓட்டுக்கு வந்தபோதும், ஸிஸ்டம்டியை மையமாக வைத்துக்கொண்டு மாற்று வழிகளைத் தேடுகிறவர்களுக்கும் இடம் கொடுப்பதென்றே முடிவாயிற்று.

இந்த விவேகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு சந்தோஷமானதல்ல. நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தவர்கள் கொடுத்தார்கள், வென்றவர்களும் தோற்றவர்களும் ஒன்றாக. ஆணையிலிருந்து உறுப்பினரைக் காப்பாற்றுகிற விதியைச் சாசனம் முதலிலேயே எழுதிவைத்தது. ஒருவர்மேல் ஒருவர் பொழியும் வசவுக்கு எதிராக அப்படி ஒரு விதியை யாராலும் எழுதிவிட முடியவில்லை. தலைவர் தேர்தல் நீங்கலாக, யார் எதற்கு ஓட்டளித்தார்கள் என்பதைப் பெயரோடு வெளியிடுவது டெபியனின் வழக்கமாக இருந்தது. 2021ல் ஸ்டால்மன் தன் ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவுக்குத் திரும்பியது பற்றி அபிப்பிராயம் சொல்வதா என்று ஓட்டெடுத்து, சபை எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் இன்னொரு ஓட்டெடுப்பு நடந்தது. அதன்பின் தீர்மானங்களுக்கு ஓட்டளிக்கிறவர்களின் பெயர்களை வெளியிடுவதில்லை.