காதல் மடலாய் வந்த கேடு

சொந்த மண்ணைவிட்டு வெளி மாநிலங்களில் வாழும் நாம், தெரிந்தவர் பெயரில் மடல் வந்தால் ஐயமின்றிப் பிரித்துவிடுகிறோம். கணினி வரலாற்றில் இவ்வியல்பே ஒருமுறை பெருங்கேட்டுக்கு வாயிலாயிற்று.

கணினிக்குக் கேடு செய்யும் நிரல்கள் பல வகையின. பிறிதொரு நிரலில் ஒட்டிக்கொண்டு பரவுவது வைரஸ். தானே கணினிக்குக் கணினி தாவுவது புழு. நல்லது போல் வேடமிட்டு நுழைவது டிரோஜன். 1988 நவம்பரில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய மாரிஸ் புழு, மென்பொருள்களின் குறைகளையும் எளிய கடவுச்சொற்களையும் பற்றி நுழைந்தது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கிளம்பிய புழுவோ மனிதரின் நம்பிக்கையைப் பற்றி நுழைந்தது.

‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று பொருள்படும் தலைப்புடன் ஒரு மின்னஞ்சல். அதனோடு ஒரு ‘காதல் கடிதம்’. அதைத் திறந்ததும் படங்கள் முதலிய கோப்புகள் அழிந்தன. முகவரி ஏட்டில் இருந்த அனைவருக்கும் திறந்தவர் பெயராலேயே அதன் படி சென்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் தன் மின்னஞ்சல் ஏற்பாட்டை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஐயத்துக்கு உள்ளானவரை, அந்நாளில் ஏற்ற சட்டம் இன்மையால், பிலிப்பைன்ஸ் அரசு தண்டிக்க இயலவில்லை. அடுத்த மாதமே அங்குச் சட்டம் இயற்றப்பட்டது.

அழிந்த கோப்புகளைச் சட்டம் மீட்டுத் தருவதில்லை. ஆதலின், பெயர் பழகியதே ஆயினும், எதிர்பாராத இணைப்பைத் திறக்குமுன் அனுப்பியவரையே ஒரு சொல் கேட்டறிவோமாக.