எல்லைக்கு அப்பாலிருந்து வரும் இணையத் தீங்கும் நீதிமன்ற அதிகார வரம்பும்

ஓசூர் சாலையில் இருக்கும் சந்தாபுரா, கர்நாடகத்தின் ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தது. அதே சாலையில் தெற்கே அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. ஓசூர்க்காரர் ஒருவர் வீட்டிலிருந்தபடியே சந்தாபுரா வியாபாரி ஒருவரை 'மோசடிக்காரர்' என்று முகநூலில் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தாவாவை ஆனேக்கலில் போடுவதா, ஓசூரிலா?

இணையம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இதற்கு விடை எழுதியாகிவிட்டது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 19ஆம் பிரிவில், டெல்லிவாசி ஒருவர் கல்கத்தாவில் அவதூறு வெளியிட்டால் இரண்டு ஊரில் எங்கு வேண்டுமானாலும் வழக்குத் தொடுக்கலாம் என்று உதாரணமே தருகிறது. அவதூறு என்பது மூன்றாமவர் ஒருவர் படிக்கும்போதுதான் 'வெளியாகிறது'. ஆகவே வியாபாரியின் வக்கீல், மனுவில் 'வியாஜ்ய மூலம்' (வழக்குக்கான காரணம்) என்ற பத்தியில் கவனமாக இருக்க வேண்டும்: அந்தப் பதிவைச் சந்தாபுராவில் யார் படித்தார், எந்தத் தேதியில் படித்தார் என்று அதில் எழுதியாக வேண்டும்.

குற்ற வழக்கிலும் இதே போக்குதான். 2004இல் சென்னைப் பெண் ஒருவரைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசச் செய்திகள் வந்தன. அவருக்குத் தொல்லை தரும் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. போலீஸ் மும்பைக்குப் போய், அவற்றைப் போட்ட ஆளைப் பிடித்தது. அந்த ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி சென்னை எழும்பூர் நீதிமன்றம் அந்த ஆளுக்கு 2 ஆண்டு கடுங்காவல் விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனையாக இது சொல்லப்படுகிறது. செயல் நடந்த ஊர், விளைவு நேர்ந்த ஊர் இரண்டிலும் விசாரிக்கலாம் என்ற பழைய விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 199ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

வணிகச் சின்ன வழக்குகளில் மட்டும் கை இறுகியது. வலைத்தளம் டெல்லியில் திறந்தாலே போதும் என்று 2003இல் கேசியோ வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் தாராளம் காட்டியது. அப்படியானால் நாட்டின் எந்த மூலைக்கும் யாரையும் இழுக்கலாமே! 2009இல் பேனியன் ட்ரீ வழக்கில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. வாதி சிங்கப்பூர் நிறுவனம், பிரதிவாதிகள் ஹைதராபாத்காரர்கள். தளம் தெரிந்தால் மட்டும் போதாது, பிரதிவாதி டெல்லி வாடிக்கையாளரைக் குறிவைத்து அவரோடு வியாபாரம் செய்திருக்க வேண்டும் என்றது அமர்வு. வாதியே ஆளை வைத்துப் பொருள் வாங்கிக் காட்டும் தந்திரத்தையும் அது சந்தேகத்தோடுதான் பார்த்தது.

இந்த அளவுகோல்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே வெளிமாநிலத்தவரை இழுக்க அரசியலமைப்பே வரம்பு போடுகிறது. புளோரிடாவில் எழுதப்பட்ட கட்டுரைக்காகக் கலிஃபோர்னியாவில் வழக்கு நடக்கலாமா என்ற கேள்வி 1984இல் உச்சநீதிமன்றம் வரை போனது. நடக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

இந்தியாவில் மாநில எல்லை அவ்வளவு பெரிய சுவரில்லை. ஆனேக்கல் நீதிமன்றம் பிறப்பிக்கும் சம்மனை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி ஓசூர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தன் சொந்தச் சம்மனைப் போலவே அதை எடுத்துக்கொண்டு, ஓசூர் அமீனாவே பிரதிவாதியின் கதவைத் தட்டுவார்.